பின்னணி நீக்கிய படங்கள்: கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பாத்திரக் கடை, விளக்குப் பட்டறை, பட்டுச் சேலைக் கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுக்கிறேன். பக்கம் செய்வது பாதி வேலை, மீதிப் பாதி படத்தைப் பற்றிய பேச்சு. நாச்சியார்கோயிலில் கேட்ட சந்தேகத்தையே சுவாமிமலையிலும் கேட்கிறார்கள், தஞ்சாவூரிலும் கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் சொன்னபடியே இருக்கின்றன. முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

டிரான்ஸ்பரன்ட் படம்னா என்ன தம்பி? எல்லாப் படமும் கட்டமாத்தானே இருக்கு?

கோப்பு எப்போதும் கட்டம்தான், அதில் மாற்றமில்லை. சாதாரணப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கும். டிரான்ஸ்பரன்ட் படத்தில் நான்காவதாக ஓர் எண் சேரும். அதற்குப் பெயர் ஆல்ஃபா. ஆல்ஃபா 0 என்றால் அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது, 255 என்றால் முழுதாகத் தெரியும். 128 என்றால் படத்தின் நிறம் பாதி, அடியில் இருக்கும் பக்கத்தின் நிறம் பாதி. இந்தக் கலவையைப் பிரவுசர் அந்த நேரத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

இந்த நடு எண்களை மறந்துவிடாதீர்கள். இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலை மட்டும் போதுமென்றால் வேலை ரொம்பச் சுலபம். கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை 1க்கும் 254க்கும் நடுவில்தான் இருக்கின்றன.

இது எனக்குக் கண்டிப்பா வேணுமா?

பலருக்கு வேண்டாம். உங்கள் பக்கம் வெள்ளை, பொருளையும் வெள்ளைத் துணி மேல் வைத்து எடுத்திருக்கிறீர்கள் என்றால் ஜேபிஜியே போதும். திருபுவனம் பட்டுச் சேலையை விரித்து எடுத்த படத்தில் பின்னணி என்று ஒன்று இல்லவே இல்லை, அதை ஏன் வெட்ட வேண்டும்?

லோகோ வண்ணப் பட்டையின் மேல் உட்கார வேண்டும், குத்துவிளக்கு ஒரு கோல வடிவத்தின் மேல் நிற்க வேண்டும், தீபாவளிக்கு ஒரு நிறம், பொங்கலுக்கு ஒரு நிறம் என்று பக்கத்தை மாற்றுவீர்கள். இப்படி இருந்தால் வேண்டும். 'மற்ற கடைக்காரர் போட்டிருக்கிறார்' என்பது காரணமாகாது.

ஜேபிஜியை பிஎன்ஜின்னு பேர் மாத்திட்டேன். வெள்ளை போகவே இல்லையே?

போகாது. தயிர்ச் சட்டியில் பால் என்று எழுதி ஒட்டுவது போலத்தான். ஜேபிஜி வகையில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது. ஒரு செயலியில் திறந்து முறையாக பிஎன்ஜியாகச் சேமித்தாலும், நான்காவது எண்ணை வைக்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். எந்தப் புள்ளி தெரியக்கூடாது என்பதை யாராவது, அல்லது ஏதாவது ஒரு செயலி, முடிவு செய்தாக வேண்டும்.

கூகுள்ல எடுத்த பிஎன்ஜியில சாம்பல் வெள்ளைக் கட்டமா வருதே, அது என்ன?

அந்தக் கட்டங்கள், 'இங்கே ஒன்றுமில்லை' என்று காட்டுவதற்காகப் படச் செயலிகள் போடும் அடையாளம். உண்மையான டிரான்ஸ்பரன்ட் படத்தில் அவை கோப்புக்குள் இருக்காது. நீங்கள் எடுத்ததில் யாரோ கட்டத்தோடு சேர்த்தே படமாக்கியிருக்கிறார்கள். சிறு படத்தில் வெறும் வெள்ளையாக இருந்து, தட்டிப் பெரிதாக்கிய பிறகு கட்டம் வந்தால் அது நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலிலேயே கட்டம் தெரிந்தால் பெரும்பாலும் போலி.

அப்புறம் இன்னொன்று. அடுத்தவர் எடுத்த விளக்குப் படத்தை உங்கள் கடைப் பக்கத்தில் போடுவது சரியில்லை. உங்கள் கடையிலேயே விளக்கு இருக்கிறது.

ஜிஃப், பிஎன்ஜி, வெப்பி, எஸ்விஜி... எதுல சேமிக்கணும் அண்ணா?

ஜிஃப் வகைக்கு 1989இல் வந்த திருத்தத்தில்தான் இந்த வசதி சேர்ந்தது. ஆனால் அதில் மொத்தமே 256 நிறம், அதில் ஒரே ஒரு நிறத்தைத் தெரியாததாகக் குறிக்கலாம். பாதி தெரிவது என்பது கிடையாது, அதனால் ஓரம் ரம்பப் பல் போல இருக்கும். ஜிஃபில் பயன்பட்ட சுருக்க முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்டதால் எழுந்த சண்டையில் பிறந்ததுதான் பிஎன்ஜி. 1996இல் அது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. 256 படிநிலை ஆல்ஃபா, தரம் குறையாத சேமிப்பு, இரண்டும் அதில் உண்டு. இன்றும் வேலைக்கான மூலக் கோப்பை நான் பிஎன்ஜியில்தான் வைத்துக்கொள்கிறேன்.

பக்கத்தில் ஏற்றுவதற்குப் புகைப்படம் என்றால் வெப்பி. கூகுள் 2010இல் அறிவித்தது. சஃபாரி பிரவுசரும் 2020இல் ஏற்றுக்கொண்டதால் இப்போது தயங்க வேண்டியதில்லை. ஏவிஐஎஃப் என்ற புதிய வகை இன்னும் சிறிதாக்கும், ஆனால் எல்லாச் செயலியும் அதைத் திறப்பதில்லை. லோகோ, கோடு, எழுத்து என்றால் எஸ்விஜி. அது புள்ளிகளால் ஆனதில்லை, கோடுகளின் வரையறை. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது, பின்னணி என்று ஒன்றை நீங்களே வரைந்தால் ஒழிய இருக்காது.

வெட்டுறதுக்கு போட்டோஷாப் காசு கொடுத்து வாங்கணுமா?

வேண்டாம். கணினியில் கிம்ப் இலவசம். நிறுவ விருப்பமில்லை என்றால் போட்டோபீ என்ற செயலி பிரவுசரிலேயே ஓடும், போட்டோஷாப் பழகியவர்களுக்குக் கை தானாகவே போகும். ரிமூவ் பிஜி மாதிரித் தானியங்கிச் சேவைகள் சில நொடியில் முடித்துவிடும், பெரிய அளவில் இறக்கக் காசு கேட்கும். கேன்வாவில் டிரான்ஸ்பரன்டாக இறக்குவது கட்டணத் திட்டத்தில்தான். ஐஓஎஸ் 16 முதல், புதிய ஐபோன்களில் பொருளை விரலால் அழுத்திப் பிடித்தாலே தனியாகப் பிரிந்து வரும்.

தலையாட்டி பொம்மை மாதிரி உருவம் தெளிவாக, ஓரம் வழவழப்பாக இருப்பதற்குத் தானியங்கியே போதும், அதில் நேரம் செலவழிக்காதீர்கள். பித்தளை, கண்ணாடி, மல்லிகைச் சரம் ஆகிய மூன்றுக்கும் கை வேலை வேண்டும்.

கிம்பில் ஒரு விஷயம். ஜேபிஜியைத் திறந்து, பின்னணியைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினால் வெள்ளையோ வேறு நிறமோ நிரம்பும், கட்டம் வராது. முதலில் லேயர் மெனுவில் ஆல்ஃபா சேனலைச் சேர்க்க வேண்டும் (லேயர் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்). அதைவிட நல்லது லேயர் மாஸ்க். அழிப்பதற்குப் பதில் மறைக்கிறீர்கள், தப்பாக மறைத்ததை வெள்ளைத் தூரிகையால் திரும்பக் கொண்டுவரலாம்.

நாச்சியார்கோயில் விளக்கை வெட்டினா பாதி விளக்கும் சேர்ந்து போயிடுதே?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். தேய்த்து மெருகு போட்ட பித்தளை ஒரு கண்ணாடி. வெள்ளைத் தாளின் முன் வைத்தால் விளக்கின் ஓரமெல்லாம் அந்த வெள்ளையை வாங்கிக்கொள்ளும். உச்சியில் இருக்கும் அன்னத்தின் கழுத்திலும் எண்ணெய்த் தட்டின் விளிம்பிலும் அது நன்றாகத் தெரியும். செயலிக்கு அங்கே விளக்கு எது, தாள் எது என்று தெரியாது. அதனால் கழுத்தைக் கடித்துவிடும், தட்டில் பள்ளம் விழும். எந்தச் செயலியை மாற்றினாலும் இதே கதைதான், ஏனென்றால் குறை படம் எடுத்த விதத்தில் இருக்கிறது.

திண்ணையிலோ, வெயில் நேராக விழாத வாசல் பக்கத்திலோ எடுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் தண்டு முழுக்க ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பின்னால் வெள்ளை வேண்டாம், பளபளக்காத நீல சார்ட் அட்டை வையுங்கள். பித்தளையின் மஞ்சளுக்கு நேரெதிர் நீலம் என்பதால் செயலி சுலபமாகப் பிரிக்கும். ஆனால் அட்டையை விளக்கோடு ஒட்டி வைத்தால் நீலமும் ஓரத்தில் ஏறிவிடும். மூன்று நான்கு அடி தள்ளி வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் வெள்ளை வேட்டியைத் திரை மாதிரி கட்டினால் ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் விழுந்து உருவம் எடுப்பாக வரும். நீங்கள் போட்டிருக்கும் சட்டையையும் பாருங்கள். சிவப்புச் சட்டையோடு எடுத்த விளக்கின் வயிற்றில் ஒரு சிவப்பு ஆள் நிற்பார்.

வெட்டும்போது கிம்பில் பாத் கருவியால், அதாவது ஓரத்தைக் கோடாக வரையும் கருவியால், ஒரு பாதியை மட்டும் கவனமாக வரைந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், விளக்கு இரு பக்கமும் ஒரே மாதிரிதானே என்று. அச்சில் வார்த்துக் கடைந்த பொருள் என்றாலும் கேமரா நேராக நின்றிருக்க வேண்டுமே. அதனால் இரண்டு பக்கமும் வரைந்துவிடுங்கள். அன்னத்துக்கு மட்டும் பெரிதாக்கி நிதானமாகச் செய்யுங்கள்.

தஞ்சாவூர் நெட்டி வேலைப் பெரிய கோயில், மொத்தமும் வெள்ளை. அதுக்கு என்ன பண்றது?

மேலே சொன்னதை அப்படியே திருப்பிப் போடுங்கள். நெட்டி பளபளக்காது, அதனால் எதிரொளித் தொல்லை இல்லை. கருநீலம் அல்லது கருப்புத் துணி போதும், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். நேராக வெளிச்சம் அடித்தால் விமானத்தின் அடுக்குகள் எல்லாம் ஒன்றாகி வெள்ளைக் கட்டியாகத் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை வெளியே எடுக்காமல் படம் பிடிக்காதீர்கள், பெட்டியின் கண்ணாடியில் தெருவே தெரியும்.

நடராஜர் சிலையில திருவாசிக்குள்ள இருக்கிற இடுக்கெல்லாம் அப்படியே நிக்குதே?

மாயக்கோல் மாதிரி இருக்கும் தேர்வுக் கருவி, தொட்ட இடத்திலிருந்து தொடர்ச்சியாக இருக்கும் பகுதியை மட்டும்தான் எடுக்கும். திருவாசிக்கு வெளியே தொட்டால் வெளியே மட்டும். உள்ளே பறக்கும் சடைக்கு நடுவில், தூக்கிய காலுக்கு அடியில், கைகளுக்கு இடையில் எல்லாம் தனித்தனித் தீவுகள். அவற்றுக்கு நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் கருவி இருக்கிறது, படம் முழுக்க அந்த நிறம் எங்கிருந்தாலும் எடுத்துவிடும். சிலையின் நிறமும் பின்னணியும் வெகுதூரம் விலகி இருந்தால்தான் இது உதவும். நீல அட்டை இங்கேயும் கைகொடுக்கும்.

சுவாமிமலை ஸ்தபதி ஒருவர், 'ஐயா, ஜ்வாலை ஒவ்வொன்றும் தனியாகத் தெரிய வேண்டும்' என்றார். நியாயம்தான். முடித்த பிறகு அடியில் அடர் சிவப்பில் ஒரு தற்காலிக லேயர் போட்டுப் பாருங்கள். விட்டுப்போன இடுக்கு ஒவ்வொன்றும் பளிச்சென்று கண்ணில் குத்தும். சிலையின் பீடம், முயலகன் கால் பக்கம், இவற்றில்தான் அதிகமாக விட்டுப்போகும்.

வெட்டின பிறகு ஓரத்துல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு நிக்குது. அதை எப்படி எடுக்கிறது?

ஓரத்திலுள்ள புள்ளியில் பாதி பொருளும் பாதி பின்னணியும் கேமராவிலேயே கலந்துவிடுகின்றன. நீங்கள் வெட்டும்போது அந்தக் கலந்த நிறம் பொருளோடு வந்துவிடுகிறது. வெள்ளைப் பக்கத்தில் தெரியாது. பக்கத்தின் உச்சியிலுள்ள அரக்கு நிறப் பட்டையில் வைத்ததும் சுண்ணாம்பு பூசியது போல நிற்கும்.

தேர்வை உள்பக்கமாக ஒரு புள்ளி சுருக்குங்கள், பிறகு மிகக் கொஞ்சமாக ஓரத்தை மென்மையாக்குங்கள். கிம்பில் செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க், ஃபெதர் என்று இரண்டும் இருக்கின்றன. மென்மையாக்குவதை அதிகமாகச் செய்தால் விளக்கு புகையில் நிற்பது போல ஆகிவிடும். போட்டோஷாப்பில் மேட்டிங் என்ற பிரிவில் வெள்ளைச் சாயலை எடுப்பதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. பெரிய அளவில் வெட்டிவிட்டுக் கடைசியில் சிறிதாக்குவதும் நல்ல வழி, சின்னத் தப்புகள் அமுங்கிவிடும். தலைகீழாகச் செய்யாதீர்கள்.

சரி பார்க்க மூன்று நிறம் போதும்: வெள்ளை, கருப்பு, உங்கள் கடையின் நிறம். மூன்றிலும் ஓரம் சுத்தமாக இருந்தால் எங்கே வைத்தாலும் நிற்கும்.

படம் நடுவுல நிக்க மாட்டேங்குது. சுத்தி வெறும் இடம் வருது.

தெரியாத புள்ளிகளும் இடம் பிடிக்கும். சுற்றியிருக்கும் வெற்றிடத்தோடு சேர்த்துத்தான் பிரவுசர் நடுவைக் கணக்கிடுகிறது. கிம்பில் இமேஜ் மெனுவில் உள்ளடக்கத்துக்கு ஏற்ப வெட்டும் கட்டளை இருக்கிறது, ஒரே சொடுக்கு.

நிழல் இல்லாம விளக்கு அந்தரத்துல தொங்குற மாதிரி இருக்கே?

இயல்பான நிழலையும் சேர்த்து வெட்ட முயலாதீர்கள், அதில் தரையின் நிறமும் வரும். விளக்கைத் தனியாக வெட்டிவிட்டு, அடியில் புதிய லேயரில் கருப்பு நீள்வட்டம் ஒன்று வரைந்து, நன்றாக மங்கலாக்கி, அடர்த்தியைப் பாதிக்குக் கீழே குறையுங்கள். முதல் பதிலில் சொன்ன நடு எண்கள் இங்கேதான் வேலை செய்கின்றன. ஜிஃபில் இது முடியவே முடியாது.

பக்கத்தை நீங்களே எழுதுகிறவர் என்றால், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் பாக்ஸ் ஷேடோ போடாதீர்கள். அது படத்தின் கட்டத்துக்கு நிழல் போடும், இவ்வளவு நேரம் வெட்டியது வீண். ஃபில்டரில் வரும் டிராப் ஷேடோ, ஆல்ஃபாவைப் பார்த்து விளக்கின் உருவத்துக்கே நிழல் போடும்.

டிகிரி காபிக்கு ஆவி பறக்கணும் சார். ஆவியை எப்படி வெட்டுறது?

ஆவியை வெட்ட முடியாது, பிரித்தெடுக்கத்தான் முடியும். கருப்புப் பின்னணியில், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விட்டுப் படம் எடுங்கள். ஒரே படத்தை இரண்டு லேயராக வையுங்கள். ஒன்றில் டபராவையும் டம்ளரையும் மாஸ்க் போட்டு வழக்கம்போல வெட்டுங்கள். இன்னொன்றில் ஆவி இருக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, கிம்பில் கலர் டு ஆல்ஃபா என்ற கட்டளைக்குக் கருப்பைக் கொடுங்கள். கருப்பு முழுதாக மறைந்து, சாம்பல் அதன் அளவுக்கு ஏற்ப மெல்லிய வெள்ளையாகும். டம்ளரோடு சேர்த்து இதைச் செய்தால் பித்தளையின் இருண்ட இடங்களும் ஓட்டையாகிவிடும். அதற்குத்தான் இரண்டு லேயர். எரியும் திரிச் சுடருக்கும் இதே முறைதான்.

ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன், வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை ஆவி தெரியாது. காப்பிக் கொட்டை நிறத்திலாவது பின்னணி வையுங்கள்.

வாட்ஸ்அப்ல உங்களுக்கு அனுப்பினா பின்னணி திரும்ப வந்துடுதே?

புகைப்படமாக அனுப்பினால் அது ஜேபிஜியாக மாறுகிறது, ஆல்ஃபா அங்கேயே போய்விடும். டாக்குமெண்ட்டாக இணைத்து அனுப்புங்கள், கோப்பு அப்படியே வரும். இத்தனைக்கும் அங்கே பறக்கும் ஸ்டிக்கர்கள் எல்லாம் 512க்கு 512 அளவில் டிரான்ஸ்பரன்ட் வெப்பிப் படங்கள்தான்.

லோகோ பிளெக்ஸ் கடையில பண்ணது. ஜேபிஜிதான் கொடுத்தாங்க, அதை வெட்டிக்கலாமா?

வெட்டுவதற்கு முன் அந்தக் கடைக்கே ஒரு போன் போடுங்கள். அவர்கள் பெரும்பாலும் கோரல்டிராவில் வரைந்திருப்பார்கள், மூலக் கோப்பு அங்கே இருக்கும். அதிலிருந்து எஸ்விஜியாகவோ பிடிஎஃபாகவோ வாங்கிவிட்டால் வெட்டும் வேலையே இல்லை. வாங்கும்போது 'எழுத்தை எல்லாம் கர்வ் (curve) ஆக மாற்றிக் கொடுங்க' என்று சொல்ல வேண்டும், அப்போது எழுத்து வெறும் கோட்டு வடிவமாகிவிடும். தமிழுக்கு இது முக்கியம். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத போனில் உங்கள் கடைப் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வரும். யூனிகோடில் இருந்தாலும் எழுத்துருவின் அழகு மாறிப்போகும்.

மூலக் கோப்பு தொலைந்துவிட்டது என்றால், இருப்பதில் பெரிய ஜேபிஜியை இங்க்ஸ்கேப் என்ற செயலியில் ட்ரேஸ் செய்யலாம், அதாவது புள்ளிப் படத்தைக் கோடுகளாக மாற்றலாம். தட்டையான இரண்டு மூன்று நிறம் என்றால் நன்றாக வரும். ஜேபிஜியின் எழுத்தோரம் சுற்றி அழுக்கு மாதிரிப் புள்ளிகள் இருக்கும், அவை சுருக்கத்தால் வருபவை. அதையும் சேர்த்து ட்ரேஸ் செய்துவிடும் என்பதால் ற, ண, ஞ போன்ற வளைவுகளைக் கடைசியில் ஒருமுறை கையால் சரிசெய்யுங்கள்.

ஒரு விளக்குப் படமே ரெண்டு எம்பி. பக்கம் திறக்கவே நேரமாகுது.

1200க்கு 1200 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் நான்கு எண் என்றால் சுருக்காமல் 57,60,000 பைட். பிஎன்ஜி தரத்தைக் குறைக்காமல் சுருக்குவதால், பித்தளையில் ஓடும் நுண்ணிய நிற மாற்றங்களுக்கு அதனால் அதிகம் குறைக்க முடியாது. ஸ்குவூஷ் என்ற செயலியில் பிரவுசரிலேயே போட்டு வெப்பியாக, தரம் 75 முதல் 80க்குள் வைத்துப் பாருங்கள். அளவு சில மடங்கு இறங்கும், ஆல்ஃபா அப்படியே இருக்கும். ஏதோ காரணத்தால் பிஎன்ஜியேதான் வேண்டும் என்றால், பிஎன்ஜிகுவாண்ட் அதை 256 நிறத்துக்குக் குறைக்கும். லோகோவுக்கு அருமை. விளக்குக்குத் தண்டில் பட்டை பட்டையாகத் தெரியலாம்.

அப்புறம், போனில் 400 புள்ளி அகலத்தில் காட்டும் இடத்துக்கு 3000 புள்ளிப் படம் எதற்கு? இரண்டு மடங்கு போதும்.

ராத்திரியில பாத்தா லோகோவைக் காணோம்னு கஸ்டமர் சொல்றாங்க?

அவர் போன் டார்க் மோடில் இருக்கிறது. கருப்பு எழுத்து, டிரான்ஸ்பரன்ட் பின்னணி, கருப்புப் பக்கம். எழுத்து அங்கேதான் இருக்கிறது, தெரியவில்லை. பக்கத்தின் நிரலில் பிக்சர் என்ற குறியீட்டில் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு கோப்பைக் கொடுக்கலாம். அந்த வம்பே வேண்டாம் என்றால் எழுத்தைச் சுற்றி மெல்லிய வெளிர்நிற விளிம்பு வையுங்கள்.

போனின் முகப்பில் வைக்கும் ஐகானுக்கும், இணைப்பைப் பகிர்ந்தால் வரும் முன்னோட்டப் படத்துக்கும் டிரான்ஸ்பரன்ட் வேண்டவே வேண்டாம். ஐபோன் முகப்பு ஐகானில் வெற்றிடத்தைக் கருப்பால் நிரப்பிவிடும். பகிரும் செயலிகள் சில கருப்பு, சில வெள்ளை. நிறம் போட்டே கொடுத்துவிடுங்கள்.

வெட்டாமலே வெள்ளையை மறைக்க வழி இருக்குன்னு பையன் சொல்றான், நிஜமா?

பையன் சொல்வது நிஜம். சிஎஸ்எஸ்ஸில் மிக்ஸ் பிளெண்ட் மோட் என்பதற்கு மல்டிப்ளை என்று கொடுத்தால், படத்தின் வெள்ளை அடியில் இருக்கும் நிறமாகவே மாறிவிடும். வெளிர் சந்தன நிறப் பக்கத்தில் ஜேபிஜி விளக்கை இப்படி வைத்தால் வெட்டியது போலவே இருக்கும். ஆனால் விளக்கின் மேலுள்ள வெள்ளை மினுமினுப்பும் சந்தன நிறமாகிவிடும். அடர்ந்த நிறத்தில் வைத்தால் விளக்கே கறுத்துப்போகும். வெற்றிலை, வாழைப்பழம், பட்டு என்றால் தாராளமாகச் செய்யலாம். பித்தளைக்கு நான் செய்வதில்லை.

ஒபாசிட்டியை, அதாவது படம் முழுவதின் அடர்த்தியை, குறைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அது பின்னணியை மட்டும் மறைக்காது, விளக்கையும் சேர்த்து மங்கலாக்கும்.

வெட்டிப் போட்ட படத்துல இருந்து பழைய பின்னணியைத் திரும்ப எடுத்துடலாமாமே?

சில சமயம் எடுக்கலாம். ஆல்ஃபா 0 என்றால் அந்தப் புள்ளி தெரியாது, அவ்வளவுதான். அதன் மூன்று நிற எண்கள் கோப்பில் அப்படியே இருக்கக்கூடும். கிம்பில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும்போது, தெரியாத புள்ளிகளின் நிறத்தையும் சேமிக்கவா என்று ஒரு தேர்வுப் பெட்டி வரும். அது டிக் ஆகியிருந்தால், கோப்பை வாங்கியவர் ஆல்ஃபாவை மட்டும் தூக்கிவிட்டுப் பின்னால் இருந்ததைப் பார்த்துவிடலாம்.

விளக்குக்குப் பின்னால் வெறும் நீல அட்டை என்றால் கவலையில்லை. கல்லாப்பெட்டி, சுவரில் ஒட்டிய பில், பள்ளி யூனிஃபார்மில் குழந்தை என்று ஏதாவது இருந்திருந்தால் அந்த டிக்கை எடுத்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். வேறு செயலியில் அந்தப் பெட்டியே இல்லை என்றால், பின்னணிப் பகுதியை முதலில் ஒரே நிறத்தால் நிரப்பிவிட்டு, அதற்கு மேல் மாஸ்க் போட்டுச் சேமியுங்கள்.